கொத்துத் தலைவலி

கொத்துத் தலைவலி என்பது தலையின் ஒரு பக்கத்தில், கண்ணுக்குள்ளும் அதன் பின்புறமும் நெற்றிப்பொட்டிலும் மிகக் கடுமையான வலி திரும்பத் திரும்பத் தோன்றும் ஒரு நரம்பியல் நோய் ஆகும். ஒவ்வொரு வலித்தாக்கமும் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். சில வாரங்களோ மாதங்களோ நாள்தோறும் தாக்கும் இவ்வலி பின்னர் தானே மறைந்து, பல மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து மீண்டும் வரும். தாக்கங்கள் இவ்வாறு கொத்துக் கொத்தாக வருவதாலேயே இப்பெயர் ஏற்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. பெண்களைவிட ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது.

இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் குருதிச் சோதனையோ படிமச் சோதனையோ இதுவரை இல்லை. வலி எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வருகிறது என்று நோயாளி கூறும் வரலாறே முதன்மையான சான்று ஆகும். அந்த வரலாறு முறையாகக் கேட்கப்படாததால், நோய் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே பலருக்கு இது இன்ன நோய் எனத் தெரிய வருகிறது. வலியை கால் மணி நேரத்தில் தணிக்கக்கூடிய எளிய மருத்துவம் இருப்பதால், இந்தத் தாமதம் பெரும் இழப்பு ஆகும்.

பெயர்

தமிழில் 'ஒற்றைத் தலைவலி' என்ற சொல் மைக்ரேன் என்னும் வேறொரு நோயைக் குறிக்க நிலைபெற்றுவிட்டது. உண்மையில் மைக்ரேன் வலி பலருக்கு இரு பக்கமும் வரும். கொத்துத் தலைவலியோ ஒரு தாக்கத்தின்போது ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் அதே பக்கத்திலேயே வருகிறது. ஆகவே சொற்பொருளின்படி பார்த்தால் 'ஒற்றைத் தலைவலி' என்ற பெயர் இந்நோய்க்கே மிகவும் பொருந்தும். வழக்கை இனி மாற்ற இயலாது எனினும், "எனக்கு ஒற்றைத் தலைவலி" என்று ஒருவர் கூறும்போது அவர் இரண்டில் எதைக் கூறுகிறார் என்று கேட்டறிவது நல்லது.

மருத்துவ வரலாற்றில் இந்நோய்க்குப் பல பெயர்கள் இருந்துள்ளன. ஹார்ட்டன் தலைவலி, ஹிஸ்டமின் தலைவலி, மைக்ரேன் சார் நரம்புவலி ஆகியன அவற்றுட் சில. வலி தாளாமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் சிலருக்கு எழுவதால் 'தற்கொலைத் தலைவலி' என்ற பெயரும் வழங்குகிறது. அத்தகைய எண்ணம் தாக்கத்தின் உச்சத்தில் தோன்றி, வலி அடங்கியதும் தணிவது உண்டு. அதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவது இன்றியமையாதது.

வலியின் இயல்பு

வலி முன்னறிவிப்பின்றித் தொடங்கிச் சில நிமிடங்களில் உச்சத்தை அடைகிறது. பழுக்கக் காய்ச்சிய கம்பியைக் கண்ணுக்குள் செலுத்துவது போலவும், கண்விழி பின்னாலிருந்து வெளியே தள்ளப்படுவது போலவும் இருப்பதாக நோயாளிகள் விவரிக்கின்றனர். 2021 ஆம் ஆண்டில் வெளியான ஒரு பன்னாட்டுக் கேள்வித்தாள் ஆய்வில் 1604 கொத்துத் தலைவலி நோயாளிகள், தாம் வாழ்க்கையில் பட்ட பல்வேறு வலிகளைப் பத்துக்கு இவ்வளவு என மதிப்பிட்டனர். கொத்துத் தலைவலிக்குச் சராசரியாக 9.7, மகப்பேற்று வலிக்கு 7.2, சிறுநீரகக் கல் வலிக்கு 6.9 என்ற மதிப்புகள் கிடைத்தன. வலியை அளக்கும் கருவி எதுவும் இல்லை என்பதால் இவ்வெண்களை ஓரளவு எச்சரிக்கையுடனேயே கொள்ள வேண்டும். ஆயினும் இரண்டு வலிகளையும் பட்டவர்களே ஒப்பிட்டிருப்பதால் இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

வலிக்கும் பக்கத்தில் மட்டும் வேறு சில குறிகளும் தோன்றுகின்றன. கண் சிவந்து நீர் வடியும். மூக்கு அடைத்துக்கொள்ளும் அல்லது ஒழுகும். இமை வீங்கலாம் அல்லது சற்றுத் தொங்கலாம். கண்ணின் பாவை சுருங்கும். நெற்றியும் முகமும் வியர்க்கும். தாக்கம் முடிந்ததும் இவை பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. சிலருக்கு மட்டும் இமைத் தொங்கலும் பாவைச் சுருக்கமும் நிலைத்துவிடுவது உண்டு.

நோயாளியின் நடத்தை மற்றொரு முக்கியக் குறியாகும். மைக்ரேன் உள்ளவர் அசைந்தால் வலி கூடும் என்பதால் இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார். கொத்துத் தலைவலி உள்ளவரால் படுக்கவே இயலாது. எழுந்து அறைக்குள் முன்னும் பின்னும் நடப்பார். உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுவார். தலையைக் கையால் அழுத்திக்கொள்வார். சிலர் சுவரில் முட்டிக்கொள்வதும் உண்டு. இதைப் பார்க்கும் வீட்டார் வலிப்பு நோய் என்றோ மனநிலைக் கோளாறு என்றோ அஞ்சுவது இயல்பே. மருத்துவர் பெரும்பாலும் தாக்கத்தை நேரில் காண்பதில்லை. எனவே உடனிருந்தவர் கூறும் விவரம், குறிப்பாகக் கண் சிவந்ததா, இமை தொங்கியதா, நோயாளி படுத்திருந்தாரா நடந்தாரா என்பன, நோயாளியின் கூற்றுக்கு இணையான மதிப்புடையது.

கால ஒழுங்கு

இந்நோயின் மிக வியப்பான கூறு அதன் நேரந் தவறாமை ஆகும். கொத்துக் காலத்தில் பலருக்கு நாள்தோறும் ஏறத்தாழ ஒரே மணிக்கு வலி தொடங்குகிறது. உறங்கி ஓரிரு மணி நேரத்தில் வலியால் விழித்தெழுவது மிகவும் பொதுவானது. ஆண்டின் குறிப்பிட்ட பருவத்திலேயே கொத்துக் காலம் திரும்பி வருவதும் பலரிடம் காணப்படுகிறது. தாக்கங்கள் இரண்டு நாளுக்கு ஒன்று முதல் நாளொன்றுக்கு எட்டு வரை நிகழலாம்.

பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டின் 2018 ஆம் ஆண்டுப் பதிப்பு இந்நோயை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஏழு நாள் முதல் ஓராண்டு வரை நீடிக்கும் கொத்துக் காலங்களும், அவற்றுக்கிடையே குறைந்தது மூன்று மாத வலியற்ற காலமும் இருந்தால் அது விட்டு விட்டு வரும் வகை. ஓராண்டோ அதற்கு மேலோ இடைவெளியின்றித் தொடர்ந்தாலும், இடைவெளி மூன்று மாதத்திற்குக் குறைவாக இருந்தாலும் அது நாட்பட்ட வகை. நோயாளிகளில் 10 முதல் 15 விழுக்காட்டினர் நாட்பட்ட வகையினர்.

கொத்துக் காலத்தில் சிறிதளவு மது அருந்தினாலும் சற்று நேரத்தில் தாக்கம் வரக்கூடும். வலியற்ற காலத்தில் அதே மது தாக்கத்தைத் தூண்டுவதில்லை. நெஞ்சுவலிக்குத் தரப்படும் நைட்ரோகிளிசரினும் அவ்வாறே. தூண்டும் பொருள் ஒன்றே எனினும் விளைவு காலத்தைப் பொறுத்து மாறுவதால், நோயின் மூலம் அப்பொருளில் இல்லை, உடலின் உள்நிலையில் ஏற்படும் மாற்றத்திலேயே உள்ளது என்று அறியலாம். நோயாளிகளிற் பெரும்பான்மையோர் புகை பிடிப்பவர்கள் அல்லது முன்பு பிடித்தவர்கள். எனினும் புகையை விட்டவுடன் நோய் நின்றுவிடுவதில்லை.

பிற நோய்களாகக் கருதப்படல்

மூக்கடைப்புடன் கூடிய தலைவலி என்றதும் நம் ஊர்களில் முதலில் நினைவுக்கு வருவது சைனஸ். கண்ணில் நீர், மூக்கில் நீர், கண்ணைச் சுற்றி வலி என்ற மூன்றும் சேர்ந்திருப்பதால் இவ்வெண்ணம் எழுவதில் வியப்பில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தரப்படும்; ஆறு வாரத்தில் கொத்துக் காலம் தானே முடியும்; மருந்தால் குணமானதாக நோயாளியும் மருத்துவரும் நம்புவர். அடுத்த ஆண்டு அதே கதை தொடரும். தானே அடங்கும் நோய்களில் கடைசியாக உட்கொண்ட மருந்தே பெயரைத் தட்டிச் செல்வது வழக்கம். வலி மேல் தாடைக்குப் பரவுவதால் பல் மருத்துவரிடம் சென்று, பழுதற்ற பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உளர். கண்ணாடியை மாற்றியவர்களும், மூக்கின் நடுத்தண்டில் அறுவை செய்துகொண்டவர்களும் உளர்.

சைனஸ் அழற்சியின் வலி கடிகாரம் பார்த்து வருவதில்லை. அது நாள் முழுவதும் மந்தமாக நீடிக்கும். சளி கெட்டியாகவும் நிறம் மாறியும் இருக்கும். மைக்ரேன் வலி மருத்துவம் செய்யாவிடில் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும், குமட்டல் பொதுவானது. முக்கிளை நரம்புவலி மின்னல் வெட்டுப் போல நொடிக்கணக்கில் வந்து போகும். முகத்தைத் தொட்டாலோ மெல்லும்போதோ தூண்டப்படும். இவற்றைக் காட்டிலும் பிரித்தறியக் கடினமானது, 1974 ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் ஒட்டார் சோஸ்டாட், இங்கே டாலே ஆகியோர் விவரித்த மற்றொரு ஒருபக்கத் தலைவலி. அதில் தாக்கங்கள் குறுகியவை, எண்ணிக்கையில் மிகுந்தவை. இண்டோமெத்தசின் என்ற மருந்துக்கு அது முற்றாகக் கட்டுப்படும்; கொத்துத் தலைவலி பொதுவாகக் கட்டுப்படாது.

இதனால் எளிய நாட்குறிப்பு ஒன்று விலையுயர்ந்த சோதனைகளைவிடப் பயன்படக்கூடும். நாள், தொடங்கிய மணி, முடிந்த மணி, எந்தப் பக்கம், கண்ணிலும் மூக்கிலும் என்ன நேர்ந்தது என்ற ஐந்து செய்திகளை இரு வாரங்கள் குறித்து வந்தால் போதும். இடைவிட்டு வரும் கணினிக் கோளாறுகளைக் கண்டறியவும் நேரப் பதிவேடே முதலில் பார்க்கப்படுகிறது என்பது இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

எம்.ஆர்.ஐ. படிமம் நோயை உறுதிசெய்யப் பயன்படாவிட்டாலும் ஒருமுறையேனும் எடுக்கப்பட வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டி, கழுத்துத் தமனிச் சுவரில் ஏற்படும் கிழிவு போன்றவை இதே குறிகளைக் காட்டக்கூடும். திடீரென முதல்முறையாக வந்த பேரிடித் தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், தாக்கங்களுக்கிடையிலும் விடாத வலி ஆகியன இருப்பின் காலந் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காரணத்தைத் தேடிய வரலாறு

வியன்னாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கெரார்ட் வான் சுவீட்டன் 1745 ஆம் ஆண்டில் இந்நோயைத் தெளிவாக விவரித்துள்ளார். நடுவயதினரான ஒருவருக்கு நாள்தோறும் ஒரே மணியில் இடக் கண்ணின் மேற்புறத்தில் வலி தோன்றியதை அவர் பதிவு செய்தார். இங்கிலாந்தின் வில்பிரெட் ஹாரிஸ் 1926 இல் இதை ஒருவகை நரம்புவலியாகக் கொண்டு, முக்கிளை நரம்பின் முடிச்சில் ஆல்ககால் செலுத்தி மருத்துவம் செய்தார்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த பேயர்டு ஹார்ட்டன் 1939 இல் வெளியிட்ட கட்டுரையே இந்நோயைப் பரவலாக அறியச் செய்தது. ஹிஸ்டமினைத் தோலடியில் செலுத்தினால் தாக்கம் தூண்டப்படுவதைக் கண்ட அவர், அதுவே காரணம் எனக் கருதினார். சிறு அளவில் ஹிஸ்டமினைத் தொடர்ந்து தந்து உடலைப் பழக்கும் முறையையும் கையாண்டார். ஆனால் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் இந்நோய்க்குப் பயன்படவில்லை. தூண்டுவது வேறு, காரணம் வேறு என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. தாக்கங்கள் கொத்தாக வரும் தன்மையை முதன்மைப்படுத்தி இன்றைய பெயருக்கு வழிவகுத்தவர் சார்லஸ் குங்கிள். அவர் தம் குழுவினருடன் 1952 இல் இதனை விவரித்தார்.

குருதிக்குழாய் விரிவதே வலிக்குக் காரணம் என்ற கருத்து பல பத்தாண்டுகள் நிலவியது. 1998 இல் ஆர்னே மே, பீட்டர் கோட்ஸ்பி முதலானோர் ஒன்பது நோயாளிகளுக்கு நைட்ரோகிளிசரினால் தாக்கத்தைத் தூண்டி, அவர்களின் மூளையைப் பாசிட்ரான் உமிழ்வுப் படிமத்தால் ஆராய்ந்தனர். வலிக்கும் பக்கத்தில் ஹைப்போதலாமசுப் பகுதி தூண்டப்பட்டிருந்தது. உறக்கம், விழிப்பு, உடல் வெப்பம், இயக்குநீர்ச் சுரப்பு ஆகியவற்றின் நாளொழுங்கை நடத்தும் உடற்கடிகாரம் அமைந்துள்ள இடம் இது. வலி மணி தவறாமல் வருவதற்கு இதனால் ஒரு விளக்கம் கிடைத்தது. எனினும் ஹைப்போதலாமசு தாக்கத்தைத் தொடக்கி வைக்கிறதா, அல்லது தாக்கத்துக்கு இடமளிக்கும் நிலையை உண்டாக்குகிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

வலியைச் சுமந்து செல்வது ஐந்தாம் மண்டை நரம்பாகிய முக்கிளை நரம்பு. அது தூண்டப்படும்போது மூளைத்தண்டின் வழியே தன்னியக்க நரம்புகளும் தூண்டப்படுகின்றன. கண்ணீரும் மூக்கொழுகலும் இதனாலேயே உண்டாகின்றன. மூக்கில் நோய் ஏதும் இல்லை. கோட்ஸ்பியும் சுவீடனின் லார்ஸ் எட்வின்சனும் 1994 இல் வெளியிட்ட ஆய்வில், தாக்கத்தின்போது கழுத்துச் சிரைக் குருதியில் கால்சிட்டோனின் மரபணுசார் பெப்டைடு என்னும் பொருள் மிகுந்திருந்ததும், ஆக்சிசன் அல்லது சுமாட்ரிப்டான் தந்து வலி நீங்கியபோது அது குறைந்ததும் கண்டறியப்பட்டன. பிற்கால மருந்து ஒன்று இதிலிருந்தே பிறந்தது. நோயாளியின் நெருங்கிய குருதி உறவினருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு பிறரைவிடக் கூடுதல் என்பதால் மரபுக் கூறும் உண்டு எனத் தெரிகிறது.

தாக்கத்தை நிறுத்தும் மருத்துவம்

பாராசிட்டமால் முதலிய வழக்கமான வலிநீக்கிகள் இந்நோய்க்குப் பயன்படுவதில்லை. மாத்திரை கரைந்து குருதியில் சேர்வதற்குள் தாக்கம் பாதி முடிந்துவிடும். வலி தானே அடங்கும்போது மாத்திரை வேலை செய்ததாகத் தோன்றுவதால், தேவையின்றி அவற்றை அடுக்கடுக்காக விழுங்குவோர் பலர். அவ்வாறு விழுங்குவதே வேறொரு தொடர் தலைவலிக்கு வழிவகுக்கக் கூடும்.

தூய ஆக்சிசனைச் சுவாசிப்பது மிகப் பாதுகாப்பான முறையாகும். லீ குட்ரோ 1981 இல் வெளியிட்ட ஆய்வில் 52 நோயாளிகளுள் 75 விழுக்காட்டினருக்கு இது பயனளித்தது. 2009 இல் இலண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், எது ஆக்சிசன் எது சாதாரணக் காற்று என்பது நோயாளிக்கோ மருத்துவருக்கோ தெரியாதவாறு இரண்டும் தரப்பட்டன. நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் தந்தபோது, ஆக்சிசன் பெற்ற தாக்கங்களில் 78 விழுக்காட்டிலும், காற்று பெற்றவற்றில் 20 விழுக்காட்டிலும் வலி நீங்கியது அல்லது போதிய அளவு தணிந்தது.

முறை சரியாக இல்லாவிட்டால் ஆக்சிசன் பயன் தராது. மூக்கில் செருகும் மெல்லிய குழாய் போதாது. வெளிவிட்ட மூச்சை மீண்டும் இழுக்காதபடி பையும் அடைப்பிதழும் கொண்ட முகமூடி தேவை. உட்கார்ந்த நிலையில், தாக்கம் தொடங்கியவுடன் சுவாசிக்க வேண்டும். வீடுகளில் பயன்படும் ஆக்சிசன் செறிவூட்டிகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 அல்லது 10 லிட்டர் மட்டுமே தருவதால் உருளையே ஏற்றது. நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் ஒரு தாக்கத்துக்கு 180 லிட்டர் செலவாகும். 10 லிட்டர் கொள்ளளவும் 150 பார் அழுத்தமும் உள்ள உருளையில் சுமார் 1500 லிட்டர் வளிமம் இருக்கும். அது எட்டுத் தாக்கங்களுக்குக் காணும். நாளுக்கு இரண்டு தாக்கம் வருபவருக்கு நான்கே நாள். ஆகவே கொத்துக் காலம் தொடங்கும் முன்பே மாற்று உருளைக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். உருளை உள்ள அறையில் புகைபிடித்தலும் தீயும் அறவே கூடாது. நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவர் கூறாமல் இதனைப் பயன்படுத்தலாகாது.

மற்றொரு முறை 6 மில்லிகிராம் சுமாட்ரிப்டானைத் தோலடியில் ஊசியாகச் செலுத்துவது. 1991 இல் வெளியான ஆய்வில் 15 நிமிடத்துக்குள் 74 விழுக்காட்டுத் தாக்கங்களில் வலி குறைந்தது; மருந்துப்போலியால் 26 விழுக்காட்டில் மட்டுமே குறைந்தது. இது குருதிக்குழாய்களைச் சுருக்குவதால் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு உள்ளானவர்களுக்குத் தரப்படுவதில்லை. சுமாட்ரிப்டான் மாத்திரையாகக் கிடைத்தாலும் மேற்கூறிய காரணத்தால் இந்நோய்க்கு அது மெதுவானது.

தடுப்பு மருத்துவம்

கொத்துக் காலம் முழுவதும் தாக்கங்களைக் குறைப்பதற்கு வெராப்பமில் முதன்மையாகப் பயன்படுகிறது. இது உயர் குருதி அழுத்தத்துக்கும் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் தரப்படும் பழைய மருந்து. தலைவலிக்குத் தேவைப்படும் அளவு பெரும்பாலும் கூடுதல் என்பதால் இதயத்தின் மின்கடத்தல் தடைப்படலாம். அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் ஈ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும், நோயாளி தானே அளவைக் கூட்டிக்கொள்ளக் கூடாது. வெராப்பமில் பயன்தரச் சில நாட்கள் ஆகும். அந்த இடைவெளிக்குப் பிரெட்னிசோன் தரப்படுகிறது. 2021 இல் வெளியான செருமானிய ஆய்வு ஒன்றில், நாளுக்கு 100 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் குறைக்கப்பட்ட பிரெட்னிசோன் பெற்றவர்களுக்கு முதல் வாரத்தில் சராசரியாக 7.1 தாக்கங்களும், மருந்துப்போலி பெற்றவர்களுக்கு 9.5 தாக்கங்களும் நேர்ந்தன. நீண்ட காலம் உட்கொள்ள ஏற்ற மருந்து அன்று இது. நாட்பட்ட வகைக்கு லித்தியமும் பயன்படுகிறது. அதற்குக் குருதியில் அதன் அளவைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும்.

மேற்கூறிய பெப்டைடைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் கால்கனெசுமாப் என்ற எதிர்ப்புரத ஊசி, விட்டு விட்டு வரும் வகைக்கு 2019 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆய்வில் வாராந்தரத் தாக்கங்கள் சராசரியாக 8.7 குறைந்தன, மருந்துப்போலியாலும் 5.2 குறைந்தன. ஐரோப்பிய மருந்து முகமை 2020 இல் இதே தரவைப் போதுமானதன்று எனக் கொண்டு ஒப்புதல் மறுத்தது. நாட்பட்ட வகையில் இது பயன் தரவில்லை.

எம்மருந்துக்கும் கட்டுப்படாத சிலருக்கு, 2000 ஆம் ஆண்டில் மிலான் நகர மருத்துவர்கள் ஹைப்போதலாமசுப் பகுதியில் மின்முனை பொருத்தித் தூண்டும் முறையைத் தொடங்கினர். பலருக்கு வலி குறைந்தாலும், மூளையில் குருதி கசிந்து இறந்த நிகழ்வும் பின்னர் வேறோரிடத்தில் பதிவாயிற்று. எனவே பிடரி நரம்பைத் தூண்டுதல் போன்ற இடர் குறைந்த முறைகளே இன்று முதலில் முயலப்படுகின்றன.

ஆக்சிசன் மலிவானதாயினும் எல்லா இடங்களிலும் எளிதில் கிடைப்பதில்லை. காப்புரிமை பெற முடியாத பொருள் என்பதால் அதற்காகப் பேசும் மருந்து நிறுவனம் இல்லை என்பதும் ஒரு காரணமாகலாம். அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம், 2009 ஆய்வு வெளியான பின்னரும், 2011 இல் கொத்துத் தலைவலிக்கு வீட்டில் ஆக்சிசன் பயன்படுத்தும் செலவை மருத்துவ ஆய்வுகளில் பங்குபெறுவோருக்கு மட்டுமே ஏற்பதாக முடிவு செய்தது. அக்கட்டுப்பாடு 2021 செப்டம்பரில் நீக்கப்பட்டது.